வேர்க்குழாயைக் கழுவும் முறையும் பின்னர் வரும் வலியும்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு வயது 43. சென்ற வருடம் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர்க்குழாய்ச் சிகிச்சை செய்த பின் இரண்டு இரவுகள் வலியால் உறங்கவில்லை. இப்போது மறுபக்கப் பல்லுக்கும் அதே சிகிச்சை தேவையாம். ஊசியால் கழுவாமல் மீயொலிக் கருவியாலோ உறிஞ்சும் கருவியாலோ கழுவினால் வலி குறையுமா?

பதில்: குறையும், ஆனால் பெரும்பாலும் முதல் ஓரிரு நாள்களுக்குத்தான். ஒரு வாரத்தின் பின் எந்த முறையில் கழுவினாலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

பல்லின் வேருக்குள் ஓடும் மெல்லிய வேர்க்குழாயின் கிளைகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் வைத்தியர் சுரண்டப் பயன்படுத்தும் அரம் நுழையாது என்பதால், அங்குள்ள இறந்த இழையத்தைக் கரைத்துக் கிருமிகளைக் கொல்லும் வேலையைச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலே செய்கிறது. அதே கரைசலோ, குழாயில் கிடந்த அழுக்கோ வேர் நுனியைத் தாண்டி வெளியே தள்ளப்பட்டால், அங்குள்ள உயிருள்ள இழையம் அழற்சியடைந்து வலிக்கிறது. ஆகவே நுனிவரை சுத்தமாக வேண்டும், நுனிக்கு அப்பால் ஒரு துளியும் போகக் கூடாது. முறைகளுக்கிடையிலான போட்டி முழுவதும் இதில்தான்.

சாதாரண ஊசி கரைசலை உள்நோக்கித் தள்ளுகிறது. நுனியில் சிக்கும் காற்றுக்குமிழி அதைத் தடுக்கவும் செய்யும். உறிஞ்சும் முறையில், பல்லின் வாயில் ஊற்றப்படும் கரைசலை நுனியருகே வைத்த மெல்லிய குழாய் இழுத்தெடுப்பதால், அது வெளியே கசியும் வாய்ப்பு மிகக் குறைவு. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் இம்முறையில் கழுவப்பட்டவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. மீயொலி முறை குழாயில் நிற்கும் கரைசலை அதிரச் செய்து மடிப்புகளுக்குள் செலுத்துகிறது; இதிலும் முதல் நாள் வலி குறைவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இறுதியில் 2.5 பாகை செல்சியசுக்குக் குளிர்த்திய உப்புநீரால் கழுவுவதும் உதவுகிறது. ஆயினும், பக்கத்துளையுள்ள ஊசியை நுனிக்கு 1 அல்லது 2 மில்லிமீற்றர் முன்னே நிறுத்தி, இறுக விடாமல், மெதுவாகக் கழுவும் பொறுமையான வைத்தியரின் கை, கருவியை அவசரமாகப் பயன்படுத்தும் கையைவிட மேலானது என்பதே என் கருத்து.

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சிகிச்சைக்கு மறுநாள் ஏறத்தாழ 40 வீதத்தினருக்கும், ஏழாம் நாள் 11 வீதத்தினருக்கும் வலி இருந்தது. சிகிச்சைக்கு முன்பே கடுமையாக வலிக்கும் பல்தான் பின்பும் அதிகம் வலிக்கிறது. எனவே மறுபக்கப் பல் கடுமையாக வலிக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். சென்றமுறை பட்ட வேதனையை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வலிக்கு ஐபுபுரோபனும் பரசிற்றமோலும் சேர்ந்து நன்கு வேலை செய்யும். ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் இருந்தால் ஐபுபுரோபன் வேண்டாம். கொழும்பில் டெங்கு எப்போதும் இருப்பதால், காய்ச்சல் கண்டால் ஐபுபுரோபனை உடனே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முகம் வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ, காலை விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.