ஒரே முகவரியில் இரண்டு பெட்டி: பாடசாலை வைஃபை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: அக்சஸ் பொயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) முகவரி மோதல், அதாவது இரண்டு பெட்டிக்கு ஒரே முகவரி. திருகோணமலைப் பாடசாலைகள் எல்லாம் சேர்ந்து பேசிவைத்து எழுதியது மாதிரி இருக்கிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கள் நாலு அக்சஸ் பொயின்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். மோதல் வருவது இதனாலா? (மூதூர்)

இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருப்பதுதான் நல்லது. ஒன்றாக இருக்கக் கூடாதது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள இலக்கம். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளுக்கு சனல் (வைஃபை அலைவரிசை) 1, 6, 11 என்று மாற்றி வையுங்கள். மோதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

வைஃபை வேலை செய்யவில்லை. உடனே பதில் தரவும். (ஊர் இல்லை)

என்ன ரவுட்டர், எத்தனை பெட்டி, போனுக்கு என்ன முகவரி கிடைக்கிறது, எப்போதிருந்து? இந்த நாலும் இல்லாமல் நான் என்ன சாத்திரியாரா? எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கரண்ட் போய்த் திரும்பினால் மூன்று அக்சஸ் பொயின்டும் காணாமல் போகின்றன. ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டால் சரியாகிறது. பெட்டி பழுதா? (உப்புவெளி)

பெட்டியில் பழுதில்லை, எழும்பும் வரிசையில்தான் பிரச்சினை. கரண்ட் வந்ததும் அக்சஸ் பொயின்ட் சீக்கிரம் எழும்பி முகவரி கேட்கிறது. முகவரி கொடுக்கும் ரவுட்டர் இன்னும் கண் விழிக்கவில்லை. கொடுக்க ஆள் இல்லாததால் அது கம்பனி வைத்துவிட்ட முகவரியில் உட்கார்ந்துகொள்கிறது. யூனிஃபை என்றால் 192.168.1.20, டிபி-லிங்க் ஈஏபி என்றால் 192.168.0.254. மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டி என்றால் மூன்றும் ஒரே முகவரியில்! ரவுட்டர் வந்தபின் சில தாமாகவே புது முகவரி வாங்கிவிடும், சில அடம்பிடிக்கும்.

ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள். அப்புறம் அக்சஸ் பொயின்ட் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர முகவரி கொடுங்கள். டிஎச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) கடைசி எண் 100 முதல் 199 வரை கொடுக்கிறது என்றால் பெட்டிகளுக்கு 11, 12, 13. அந்த 100 முதல் 199 வரிசைக்குள் கையால் எதையும் போடக் கூடாது. எந்த முகவரி எந்த அறையில் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மறக்காமல் எழுதி வையுங்கள்.

அலுவலகப் பிரிண்டர் கிழமைக்கு ஒருமுறை “முகவரி மோதல்” என்கிறது. (தம்பலகாமம்)

யாரோ பிரிண்டருக்குக் கையால் போட்ட முகவரி டிஎச்சிபி வரிசைக்குள் கிடக்கிறது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரம் பார்த்து ரவுட்டர் அதை ஒரு போனுக்குக் கொடுத்துவிடுகிறது. வரிசைக்கு வெளியே மாற்றுங்கள். கொப்பியிலும் எழுதுங்கள்.

பழைய மாணவர்கள் இரண்டு வைஃபை ரவுட்டர் அன்பளிப்புச் செய்தார்கள். மேல்மாடியில் பொருத்தினோம். அன்றிலிருந்து கீழே அதிபர் அறையிலும் இன்டர்நெட் வந்து வந்து போகிறது. (ஆசிரியை, லிங்கநகர்)

வந்துவிட்டதா இதுவும். ரீச்சர், இதை எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. அன்பளிப்புச் செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு பாடசாலை சுவிட்சில் (நெட்வொர்க் கேபிள்கள் சேரும் பெட்டியில்) குத்துவது இருக்கிறதே, அதைச் செய்பவர்களுக்கு ஏணி கொடுக்கவே கூடாது.

நடப்பது இதுதான். வீட்டு ரவுட்டர் வெறும் வைஃபை பெட்டி அல்ல, முகவரி கொடுக்கும் வேலையையும் செய்வது. கேபிளை அதன் லான் (உள் நெட்வொர்க்) துளையில் போட்டீர்கள் என்றால் பாடசாலையில் முகவரி கொடுப்பவர் இப்போது மூன்று பேர். கொழும்பு இரவு பஸ்ஸில் ஒரே சீட்டை இரண்டு இடத்தில் புக் பண்ணிக் கொடுத்த கதைதான். பிள்ளையின் டப்லெட் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரை நம்பும். அதனால்தான் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை. காலையில் இருந்தது மத்தியானம் இல்லை.

இதற்கு மேல் இன்னொன்று. அந்த இரண்டு ரவுட்டரும் வாங்கும்போதே 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று வரும். உங்கள் பிரதான ரவுட்டரும் அதே முகவரி என்றால் அதிபரின் கம்பியூட்டர் வெளியே போகும் வாசல் எது என்று தெரியாமல் முழிக்கும்.

உறுதிப்படுத்த வழி உண்டு. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நேரத்தில் ஒரு லப்டொப்பில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி முகவரி எந்தக் கருவியில் என்று காட்டுவது) எடுத்து, கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது பிரதான ரவுட்டர்) முகவரிக்கு நேரே உள்ள மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். குழம்பும் நேரத்தில் திரும்ப எடுங்கள். மேக் மாறியிருந்தால் போலி ஆள் உள்ளே இருக்கிறார். முதல் ஆறு எழுத்தை வைத்து எந்தக் கம்பனிப் பெட்டி என்றுகூடத் தேடிப் பார்க்கலாம். பிறகு கேட்வேக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, சுவிட்சில் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றப் பிங் சீராகிறதோ அதன் மறுமுனையில் இருக்கிறது பெட்டி. ரீசெட் பட்டனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

திருத்துவதற்கு: ரவுட்டரைச் சுவிட்சிலிருந்து கழற்றி, லப்டொப்பில் தனியாக மாட்டுங்கள். முதலில் அதன் லான் முகவரியைப் பாடசாலை முகவரிகளோடு சேர்ந்த, டிஎச்சிபி வரிசைக்கு வெளியே உள்ள, யாரும் பாவிக்காத ஒன்றாக மாற்றுங்கள். அதன் பிறகு டிஎச்சிபியை நிறுத்துங்கள். இந்த ஒழுங்கில்தான். முதலில் டிஎச்சிபியை நிறுத்தினால் லப்டொப்புக்கு முகவரி கிடைக்காமல் போய், பெட்டிக்குள் நுழையத் தெரியாமல் நிற்பீர்கள். கடைசியாக லான் துளையிலிருந்து சுவிட்சுக்குக் கேபிள். வான் (வெளி இன்டர்நெட்) துளை சும்மா கிடக்கட்டும். அக்சஸ் பொயின்ட் மோட் என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிவு செய்தாலே பெரும்பாலும் போதும், அப்போது எந்தத் துளை என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலியாக முகவரி கொடுப்பவரைத் தடுக்கும் வசதி) இருந்தால் அதைப் போட்டு, பிரதான ரவுட்டர் இருக்கும் துளையை மட்டும் நம்பச் சொல்லுங்கள். அடுத்த அன்பளிப்பு வந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பெற்றார் கூட்டத்தன்று ஆசிரியர்களின் போன்களுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தது. இதுவும் மோதலா? (கிண்ணியா)

இது மோதல் அல்ல, முகவரி தீர்ந்துவிட்டது. 169.254 என்றால் யாரும் முகவரி கொடுக்கவில்லை, கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வரிசையில் இருப்பது 100 சொச்சம், பாஸ்வேர்டைப் பெற்றாருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள். போதாததற்கு இப்போதைய போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு மேக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் அதுவே வழக்கம். வைஃபை பெயரை அழித்துத் திரும்பச் சேர்க்கும்போது மேக் மாறினால் ரவுட்டருக்கு அது புது ஆள். குத்தகைக் காலம் (ஒரு முகவரியை ஒரு கருவிக்கு ஒதுக்கி வைக்கும் நேரம்) ஒரு நாள் என்றால் இரண்டு மணித்தியாலமாகக் குறையுங்கள். வரிசையை 50 முதல் 250 வரை விரியுங்கள். விரிக்கும் முன் கொப்பியைப் பாருங்கள், அங்கே ஏற்கனவே யாராவது குடியிருக்கலாம். கொப்பி இல்லையா? அப்படியென்றால் இன்றைக்கு அதுதான் முதல் வேலை.

எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன். இப்போது ஒன்றுமே இல்லை. (சீனக்குடா)

எல்லாம் பழைய கம்பனி முகவரிக்குத் திரும்பி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெட்டியாக அமைத்து மாட்டுங்கள்.

மைதானப் பக்கம் வெளிச்சுவரில் உள்ள அக்சஸ் பொயின்ட் மட்டும் அடிக்கடி விழுகிறது. முகவரியை மாற்றியும் பார்த்தோம். (நிலாவெளி)

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கலாம். முகவரியை விடுங்கள். கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். உலோகக் காலில் பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்றின் வேலை. முனையை வெட்டிப் புதிது அடித்து, வெளிப்பாவனைக்கான மூடி போடுங்கள். கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் முனைக்குள் இறங்காது.