காரில் கணினி பொருத்த இன்வேட்டர் ஒன்று வாங்கினால் போதுமா?

கேள்வி: “என் காரில் மேசைக் கணினி ஒன்றைப் பொருத்த விரும்புகிறேன். சிகரெட் லைற்றர் துளையில் இன்வேட்டரைச் செருகி அதை ஓட்டலாமா? இல்லையென்றால் மின்சாரத்தை எங்கிருந்து, எப்படி எடுப்பது?”

ஓட்டலாம், பத்து நிமிடத்துக்கு. அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் பியூஸ் பெரும்பாலான கார்களில் 10 அல்லது 15 அம்பியருக்கு உரியது. 12 வோல்ற்றில் 15 அம்பியர் என்றால் 180 வாற்று. இன்வேட்டரின் (பற்றறியின் 12 வோல்ற்றை வீட்டு மின்சாரம்போல 230 வோல்ற்றாக்கும் பெட்டி) இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது அதிலும் குறைவு. பாட்டுக் கேட்பதும் வரைபடம் பார்ப்பதும்தான் உங்கள் தேவை என்றால் மடிக்கணினியும் அதற்குரிய 12 வோல்ற் சார்ஜரும் போதும், இதற்கு மேல் வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் மேசைக் கணினி என்று நீங்களே எழுதியிருப்பதால், என்னைப் போல வாகனத்துக்குள் தொழில் செய்யப் போகிறவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மின்பொறியியலாளர் அல்லன். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பழைய டொல்பின் வானை வைத்துக்கொண்டு, கோயில் திருவிழாக்களிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் படம் பிடித்து அங்கேயே அச்சிட்டுக் கொடுப்பவன். முன்பு ஒருமுறை இதைப் பற்றி எழுதியபோது, “மின்சாரமே நேற்று வந்த ஊர்க்காரர் பாடம் நடத்துகிறார்” என்று ஒருவர் கீழே எழுதினார். எங்கள் வீட்டுக்கு மின்கம்பி போருக்குப் பிறகுதான் வந்தது, உண்மைதான். ஆனால் பொருளாதாரத் தடையால் டோர்ச் பற்றறிகூட வன்னிக்குள் வராத தொண்ணூறுகளில், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவின் ஆடலோட்டத்தை (ஏசி) நான்கு டயோட்டுகளால் நேரோட்டமாக்கி (டிசி) வானொலிச் செய்தி கேட்ட வீடு அது. சுற்றுகிறவர் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கிவிடும். வோல்ற் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே காதால் கேட்டிருக்கிறேன்.

அப்படியிருந்தும் நான் ஏமாந்தேன். முதலில் நான் செய்தது நீங்கள் நினைப்பதைவிடச் சற்று மேலானது. பற்றறியிலிருந்து நேரடியாக இரண்டு வயர்களைப் பின்பக்க மேசை வரை இழுத்து, அங்கே “1000 வாற்று” என்று எழுதப்பட்ட இன்வேட்டரைப் பூட்டி, அதில் கணினியையும் திரையையும் அச்சுப்பொறியையும் கொழுவினேன். (அந்த 1000 ஒரு கணநேர உச்சம் என்பதும் தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதிதான் என்பதும் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தன. விற்றவர் அதைச் சொல்லவில்லை. நானும் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.)

வைகாசி மாதம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனேன். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஏழெட்டுப் படங்கள் வந்தன. அடுத்த படத்துக்கு அச்சுப்பொறி சூடேறத் தொடங்கியதும் இன்வேட்டர் கீச்சிட்டுவிட்டு அணைந்தது. பற்றறிதான் இறங்கிவிட்டது என்று எண்ணி, திரும்பவும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மின்னேற்றம் கிடைக்கட்டும் என்று ஓடிப்போய் எஞ்சினை இயக்கினேன். ஸ்ராட்டர் சுழன்ற அந்த இரண்டு விநாடியில் கணினி மறுபடியும் விழுந்தது. இம்முறை வன்தட்டு எழும்பவே இல்லை. வாசலில் நின்ற ஓர் அம்மா, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தம்பி, படம் வருமோ வராதோ?” என்று மெதுவாகத்தான் கேட்டார். கடல்நீரை ஊற்றி விளக்கெரிக்கும் சந்நிதியில், பற்றறி இருந்தும் ஒரு படம் அச்சிட முடியாமல் நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மல்ரிமீற்றரோடு உட்கார்ந்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றறி முனைகளில் 12.1 வோல்ற் இருந்தது. அதே நேரத்தில் இன்வேட்டரின் முனைகளில் 10.4. இடையில் காணாமல் போன 1.7 வோல்ற் முழுவதும் வயருக்குள் வெப்பமாகிக் கொண்டிருந்தது; கம்பளத்தின் மேல் கை வைத்தாலே சூடு தெரிந்தது. கணக்கும் அதையே சொன்னது. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியின் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மீற்றருக்கு 0.07 ஓம், அதில் 25 அம்பியர் ஓடினால் 1.7 வோல்ற் விழத்தான் செய்யும். பெரும்பாலான இன்வேட்டர்கள் 10 முதல் 10.5 வோல்ற் அளவில் தம்மை நிறுத்திக்கொள்ளும். ஆக, பற்றறி இறங்கவில்லை, வயர்தான் மெலிந்தது. 16 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றிய பிறகு அதே சுமையில் கால் வோல்ற்றுக்குச் சற்று மேல்தான் விழுகிறது.

வயரை மாற்றிக் கொடுத்த ஓட்டோ எலக்ரீசியன் அண்ணை கைகாரர்தான், ஆனால் பியூஸைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். பற்றறிப் பக்கத்திலும் ஒன்று போடுவோமா என்று கேட்டதற்கு, “தம்பி, உந்தத் தடிச்ச வயருக்கு என்ன நடக்கப் போகுது?” என்றார். மூன்று மாதத்தில் நடந்தது. சீற்றை முன்பின் நகர்த்தும் இரும்புச் சட்டம் வயரின் உறையைத் தேய்த்துச் செம்பைத் தொட, கம்பளத்துக்கு அடியிலிருந்து புகை வந்தது. கையில் 10ஆம் இலக்க ஸ்பனர் இருந்தபடியால் பற்றறி முனையைக் கழற்றி வானைக் காப்பாற்றினேன். பியூஸ் இருப்பது கணினியைக் காக்க அல்ல, வயரைக் காக்க. பற்றறியிலிருந்து ஒரு சாணுக்குள் அது இல்லாவிட்டால் மீதி நீளம் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்டும் விட்டவன் நான்தான்.

இன்வேட்டர் என்பதே கணினிக்குச் சுற்றுவழி. 12 வோல்ற் நேரோட்டத்தை 230 வோல்ற் ஆடலோட்டமாக்கி, கணினியின் மின்வழங்கி அதைத் திரும்பவும் 12, 5, 3.3 வோல்ற் நேரோட்டமாக்குகிறது. இரண்டு இடத்திலும் இழப்பு. இப்போது என் கணினியில் இருப்பது வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட எம்4-ஏரிஎக்ஸ் (M4-ATX) மின்வழங்கி. 6 முதல் 30 வோல்ற் வரை எது வந்தாலும் ஏற்று, 250 வாற்று வரை தரும். ஸ்ராட்டர் சுழலும்போது பற்றறி 9 வோல்ற்றுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினாலும் கணினி அசையாது. திறப்பு (சாவி) போடும் இடத்திலிருந்து வரும் வயரை அதில் இணைத்துவிட்டால், திறப்பை எடுத்ததும் கணினிக்கு அணையச் சொல்லி, சற்றுப் பொறுத்து மின்சாரத்தை முழுவதுமாக வெட்டிவிடும். இந்த முழு வெட்டு முக்கியம். உறங்கும் கணினி அரை அம்பியர் குடித்தாலும் நாளொன்றுக்கு 12 அம்பியர்மணி போகும். 60 அம்பியர்மணிப் பற்றறி மூன்றாம் நாள் எஞ்சினைச் சுழற்றத் திணறும். பெயரில் ஒத்திருக்கும் மலிவான சிறிய பலகைகள் சில, சீரான 12 வோல்ற்றை மட்டுமே ஏற்பவை. எஞ்சின் ஓடும்போது வாகனத்தில் இருப்பது 14 வோல்ற் என்பதால் அவை நமக்கு உதவா.

எதிர்முனை (மைனஸ்) வயரை வாகனத்தின் உடலில் பூட்டுவதானால், வண்ணப்பூச்சைச் சுரண்டி இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடுகிறவர்கள் மாதம் ஒருமுறை பற்றறி முனைகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது முனை கழன்றால், எஞ்சினோடு சுழன்று பற்றறிக்கு மின்னேற்றும் அல்ரனேற்றர் பல பத்து வோல்ற்றை எறியும், அதற்குத் தாங்காத பலகைகள் உண்டு. சுழலும் வன்தட்டுக்கும் அந்த வீதிகளுக்கும் ஒத்துவராது; சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள்.

அச்சுப்பொறி மட்டும் என்னிடம் இன்னும் இன்வேட்டரில்தான் ஓடுகிறது, ஏனெனில் அது 230 வோல்ற் தவிர வேறெதையும் ஏற்காது. அது வேலை செய்யும்போது இப்போது நான் எஞ்சினை அணைப்பதில்லை. அந்த டீசலுக்காகப் படத்தின் விலையில் இருபது ரூபாய் கூட்டினேன். இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.