காணி யாருடைய பெயரில்?

அன்பின் அக்காவுக்கு,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வவுணதீவுப் பக்கம். எங்கள் வளவு அப்பாவின் பெயரில் எழுபதுகளில் கிடைத்த பெர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தில் அரசு தந்த காணி. ஒரிஜினல் 1990 இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது, போட்டோகொப்பி மட்டும் இருக்கிறது. அப்பா தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று யாரையும் பின்னுரித்தாளராகப் போடாமலே காலமாகிவிட்டார். வளவு எனக்குத்தான் என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்தவ. இப்போது அண்ணா, "சட்டப்படி மூத்த ஆண்பிள்ளைக்குத்தான், அம்மா இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்" என்கிறார். என் சிநேகிதி ஒருத்தி டவுனில் வாவிக்கரையோரம் இருக்கிறாள். அவர்களிடம் பெர்மிட்டும் இல்லை, உறுதியும் (சொந்தக் காணி என்பதற்கான பத்திரம்) இல்லை, கரண்ட் பில் மட்டும்தான். எல்லாருக்கும் முழு உறுதியைக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடுந்தானே? ஏன் செய்கிறார்கள் இல்லை?

— ம.

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

அண்ணா சொல்வது அவர் சொந்தமாகக் கட்டிய கதை இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. பெர்மிட்காரர் யாரையும் பெயர் குறிக்காமல் இறந்தால் காணி யாருக்குப் போகும் என்ற வரிசை அது. மகன்கள் முதல், மகள்கள் பிறகு, பேரன்கள் முதல், பேத்திகள் பிறகு, ஒரே மட்டத்தில் இருப்பவர்களில் வயதில் மூத்தவர். 2022இல்தான் அதைத் திருத்தி ஆண், பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். எண்பத்தேழு வருசம்! இப்போதைய வரிசையில் மூத்த பிள்ளை மகளாக இருந்தால் மகளுக்கு. ஆனால் அப்பா திருத்தத்துக்கு முன் காலமாகியிருந்தால் எந்த வரிசை பொருந்தும் என்பதை உங்கள் கடதாசிகளைப் பார்த்து ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும், அதை அண்ணாவின் வாயிலிருந்தோ என் எழுத்திலிருந்தோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த வரிசைக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அம்மா. பெயர் குறிக்காவிட்டாலும் பெர்மிட்காரரின் மனைவிக்கு அந்தக் காணியில் தொடரும் உரிமை உண்டு. ஆகவே "இருக்கட்டும்" என்று யாரும் அவவுக்கு இரக்கம் பார்க்கத் தேவையில்லை, அது அவவின் உரிமை. அதே நேரம், அந்தக் காணியை அவவால் விற்க முடியாது, தன் விருப்பப்படி உங்களுக்கு எழுதிவைக்கவும் முடியாது. அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த வாக்குக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. எனக்கு வயிறெரிவது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால், நம்முடைய ஊர்களில் வீடும் வளவும் யாருடையதாக இருந்தது? மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வீடுவளவைச் சீதனமாக எழுதிக்கொடுப்பதுதான் வழமை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சீதனத்தில் ஆயிரம் கொடுமை இருக்கிறது, மகள்கள் நாலு பேர் இருக்கிற வீட்டில் தகப்பன் படுகிற பாடு எனக்குத் தெரியும், அதை நான் தூக்கிப்பிடிக்க வரவில்லை. ஆனால் புருசன் குடித்துவிட்டு வந்து அடித்தால் "என்ர வளவை விட்டு வெளிய போ" என்று சொல்லக்கூடிய பெண்கள் இங்கே இருந்தார்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் ஓர் உறுதி இருந்தது, அதில் அவளுடைய பெயர் இருந்தது.

அரச காணிக் கடதாசி வந்தபோது அந்தப் பெயர் போய்விட்டது. இலங்கையின் நிலத்தில் எண்பது வீதத்துக்கு மேல் அரச காணி. படுவான்கரையில் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அம்பாறைப் பக்கம் குடியேற்றப்பட்டவர்களுக்கும் கிடைத்தது பெர்மிட்தான். காணி கொடுக்க ஆட்களைத் தெரிவு செய்கிற காணிக்கச்சேரிக்குப் போனது ஆம்பிளை, பெர்மிட்டில் எழுதியது ஆம்பிளையின் பெயர். பிறகு சுனாமி. 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் போன வீடுகளில் எத்தனையோ வீடுகள் சீதன வீடுகள், பெண்ணின் பெயரில் உறுதி உள்ளவை. கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், திராய்மடு போன்ற இடங்களில் புதுக் காணி கொடுத்து வீடு கட்டிக்கொடுத்தார்கள். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது பெரும்பாலும் புருசனின் பெயர். தாய் வழியாக வந்த வீட்டைக் கடலில் இழந்தவள், புருசனுடைய வீட்டில் குடியிருப்பவளாக எழும்பினாள். இதை அன்றைக்கே மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் சொல்லிக் கத்தினார்கள். சிலரது காதில் விழுந்தது, பல இடங்களில் விழவில்லை.

அரச உத்தியோகத்தர்கள் ஊருக்கே வந்து நடத்தும் ஒரு நடமாடும் சேவையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், சொப்பிங் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா. கரண்ட் பில், கிளினிக் கொப்பி, கிராம சேவகர் கடிதம், கடைசியில் லெமினேட் பண்ணிய பெர்மிட் கொப்பி. எல்லைகள் எழுதியிருந்த இடத்தை உத்தியோகத்தர் வாசித்தார். வடக்கே ஒருவரின் காணி, கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னொருவரின் காணி, மேற்கே வண்டிப்பாதை. வடக்கே இருந்தவர் செத்து இருபது வருசம், தெற்கே இருந்தவர் கனடாவில், வாய்க்கால் தூர்ந்துவிட்டது, வண்டிப்பாதை இப்போது கொங்கிறீட் ரோட்டு. பெர்மிட்டில் இருந்த பெயர் அவவின் புருசனுடையது. தொண்ணூறாம் ஆண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. "மரணச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார் உத்தியோகத்தர், கேட்கிற விதத்தில் குறை இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அந்த அம்மா, "அவர் செத்ததெண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?" என்றா.

அவர் உயிரோடு இல்லை என்று அவ கையெழுத்து வைத்தால் காணியைத் தன் பெயருக்கு மாற்றலாம், வைக்காவிட்டால் மாற்ற முடியாது. இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக இந்த நிலை. காணாமற்போனவருக்கு, இறந்தார் என்று எழுதாமல், காணவில்லை என்றே ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படி ஒன்று இருப்பது தெரியாத பெண்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இதை வாசிக்கிற யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

சரி, முழு உறுதி. 2024இல் 'உறுமய' என்று தொடங்கி, பெர்மிட் காணிகளையும், அளிப்பு என்று நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த காணிகளையும் முழு உரிமைக் காணியாக மாற்றித் தரும் திட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். இருபது லட்சம் குடும்பங்கள் என்று சொன்னார்கள். சொந்தக் காணியை அடகு வைக்கவும் விற்கவும் ஒரு குடும்பத்துக்கு உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்றால் அது செல்லாது. ஆனாலும் சத்தியக்கடதாசி முடித்து ரகசியமாக விற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது, வாங்கியவனும் நிம்மதியாக இல்லை, விற்றவனும் இல்லை. அதற்கு ஒரு முடிவு தேவைதான்.

ஆனால் நுண்கடன் வாங்கி, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு நாளைக்கே விற்கக்கூடிய உறுதி ஒன்று, அதுவும் புருசனின் பெயரில் மட்டும், வந்தால் என்ன நடக்கும்? கடனுக்குக் காணி போகும், அவளுடைய ஒரு கையெழுத்துக்கூடத் தேவைப்படாது. ஆகவே உறுதியா பெர்மிட்டா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. அந்தக் கடதாசியில் யாருடைய பெயர் என்பதுதான் முதல் கேள்வி. மனைவி, கணவன் இருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்து வைக்காமல் அது கைமாறக்கூடாது. அவள் தனியாகக் குடும்பம் நடத்துகிறவள் என்றால் அவளுடைய பெயர் மட்டும். இதைச் செய்யாமல் மேடை போட்டு உறுதி கொடுப்பதால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

அதோடு, உறுதியாக மாற்றித் தருகிறோம் என்பது ஏற்கெனவே பெர்மிட்டாவது வைத்திருப்பவர்களுக்குத்தான். உங்கள் சிநேகிதிக்கு அதில் ஒன்றும் இல்லை. பத்து வருசம் இருந்தால் காணி நமக்குச் சொந்தம் என்று டவுனில் எல்லாரும் சொல்வார்கள். தனியார் காணியில் அது ஒரு வழக்காக நிற்கலாம், அரச காணியில் நூறு வருசம் இருந்தாலும் அப்படி உரிமை வராது. வாவிக்கரையோடு அரசு ஒதுக்கிவைத்த காணிக்குச் சாதாரணமாகப் பெர்மிட்டும் கொடுக்கமாட்டார்கள். அவளுடைய புருசன் இறால் பிடிக்கிறவரோ, சந்தையில் மூட்டை தூக்குகிறவரோ எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்டவர்களைத் தொழில் செய்கிற இடத்தில் இருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தால், வீடு இருக்கும், சோறு இருக்காது. சுனாமிக்குப் பிறகு அதைக் கண்ணால் கண்டோம். கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு ஆட்கள் திரும்பக் கரைக்கு வந்தார்கள். டவுனுக்குள்ளேயே, அல்லது பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், சின்னத் துண்டாக இருந்தாலும் அவர்கள் பெயரில் காணி வேண்டும்.

நான் அம்பாறைப் பக்கம் போகும்போதெல்லாம் மனதுக்குக் கஷ்டமாக இருப்பது அக்கரைப்பற்று நுரைச்சோலை வீட்டுத்திட்டம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரசின் பணத்தில் ஐந்நூறு வீடுகள் கட்டினார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் வழக்கு, 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அதன் பிறகு ஆண்டுக்கணக்காக வீடுகள் பூட்டிக்கிடந்து பற்றை மண்டியது. அதே மாவட்டத்தில் பாணமையில் 2010இல் விரட்டப்பட்ட குடும்பங்கள், பொத்துவில் கனகர் கிராமத்தில் 1990இல் இடம்பெயர்ந்து போய், திரும்ப வந்தபோது "இது வன இலாகாக் காணி" என்று நிறுத்தப்பட்டவர்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூன்று பேருக்கும் இந்த மாவட்டத்தில் ஒரே அடி விழுந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் மற்றவன் காணியைப் பிடிக்கிறான் என்று சண்டை பிடிக்கிறோமே தவிர, வர்த்தமானியில் ஒரு கோடு போட்டு மூன்று பேரையும் வெளியே தள்ளுகிறவர்களிடம் சேர்ந்து போய்க் கேள்வி கேட்டது குறைவு.

தனிப் பெயரில் எழுத முடியாத காணியும் இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் ரோட்டோரம் உட்கார்ந்தது ஆளுக்கொரு துண்டு கேட்டு இல்லை. பெரும்போகத்தில் வயலெல்லாம் விதைத்துவிட்டால் மாடுகளை எங்கே கொண்டுபோவது? மேய்ச்சல் தரை என்று அந்த இடத்தைக் குறித்து, எல்லை போட்டு, வர்த்தமானியில் அறிவித்துத் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. அதை விட்டுவிட்டுக் காணிப் பாதுகாப்பு என்றால் தனி உறுதி என்று மட்டும் பேசினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள், காட்டையும் குளத்தையும் நம்பி இருப்பவர்கள், அவர்களும் அப்படித்தான்.

ஏன் செய்கிறார்கள் இல்லை என்று கேட்டீர்கள். காணி கையில் இருந்தால் ஆள் கையில் இருப்பான், அது ஒரு காரணம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதிய தேசிய காணி ஆணைக்குழுவை இன்றுவரை அமைக்கவில்லை. மகாவலி அதிகார சபை, வனம், வனஜீவராசிகள், தொல்லியல் திணைக்களங்கள் என்று ஒவ்வொன்றும் தன் வரைபடத்தை வைத்துக்கொண்டு நிற்க, பிரதேச செயலாளர் கொடுத்த பெர்மிட் நடுவில் கிடந்து அல்லாடுகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. போட்டோகொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். பெர்மிட் தொலைந்தாலும் அங்கே லெட்ஜரில் அப்பாவின் பெயரும் காணி விபரமும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேளுங்கள். "பிறகு வாங்க" என்றால், 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், தமிழிலேயே கொடுக்கலாம், வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு எடுக்க மறக்க வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். அம்மாவின் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் கோயிலில் தாலி கட்டி, பதியாமலே விட்ட கல்யாணங்கள் நிறைய, அது இல்லாவிட்டால் மனைவி என்று நிரூபிப்பதற்கே அலைய வேண்டி வரும். அம்மாவின் உரிமையை அவ இருக்கும்போதே எழுத்தில் பதிவாக்குங்கள். அதன் பிறகு அண்ணாவோடு கதைக்கலாம், சண்டையாக இல்லாமல். அம்மாவுக்குப் பிறகு வளவு உங்களுக்கு வருமா என்பது சட்டத்தரணி சொல்வதையும் அண்ணாவின் மனதையும் பொறுத்தது, அதில் நான் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை.

சிநேகிதியிடம், கரண்ட் பில்லோடு சேர்த்து, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, வாக்காளர் இடாப்பில் பெயர், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றிலும் தன் பெயரும் அந்த முகவரியும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல், அந்தக் கரையில் இருக்கிற எல்லாக் குடும்பங்களும் ஒரே மனுவாக எழுதிப் பிரதேச செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் கொடுக்கட்டும். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதட்டும், நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா