முதல் டிரையத்லானா? முதலில் தண்ணீருக்குள் மூச்சுவிடப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் நார்த் பீச்சில் பார்க்ரன் என்னும் வாராந்தரப் பொது ஓட்டத்தில் ஓடுகிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு 34 நிமிடம் ஆகும். நவம்பர் கடைசியில் கடற்கரையில் நடக்கும் ஒரு ஸ்பிரின்ட் டிரையத்லானில் கலந்துகொள்ள ஆசை. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலை நினைத்தால்தான் பயம். நீச்சல் குளத்தில் 25 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. வீட்டில் பழைய மவுன்டன் பைக் ஒன்று கிடக்கிறது. நடுவில் புரட்டாசி வருகிறது. மாதம் முழுக்கச் சைவம், சனிக்கிழமை ஒரு வேளைச் சாப்பாடு. மாமியாரோ கடலில் இறங்கவே வேண்டாம் என்கிறார். 15 வாரம் கையில் இருக்கிறது, போதுமா?

பதில்: போதும் அம்மா. ஆனால் அந்த 15 வாரத்தில் பெரும்பங்கை நீச்சலுக்கு ஒதுக்க வேண்டும். ஓட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 20 கிலோமீட்டர் சைக்கிள் இரண்டு மாதத்தில் தானாக வந்துவிடும். போட்டி முழுக்க உங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றால், அதில் நீச்சல் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். இருந்தும் நான் அதையே பிடித்துக்கொண்டு பேசக் காரணம் உண்டு. டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நடந்திருக்கின்றன. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். இங்குள்ள நம்மவர் குடும்பங்களில் சர்க்கரையும் இதய நோயும் அதிகம். ஓடும்போது எப்போதாவது நெஞ்சு அடைத்ததோ தலை சுற்றியதோ உண்டென்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். நிறவெறி ஆட்சியில் 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பல ஆண்டுகள் டர்பனின் நல்ல கடற்கரைகளும் குளங்களும் வெள்ளையருக்கு என்றே ஒதுக்கப்பட்டிருந்தன. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் தலைமுறையில் பலர் நீந்தக் கற்காமலே போனதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் குளத்தில் பயிற்சி எடுக்கும்போது ஒரு நாள் அவரையும் அழைத்துப் போய்ப் படியில் உட்கார வையுங்கள். நீங்கள் நிதானமாக நீந்துவதைக் கண்ணால் பார்த்தால் அவர் மனம் பாதி இளகிவிடும்.

இனி நீச்சல். 25 மீட்டரில் மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற நுரையீரலுக்கு இது எப்படி நேர்கிறது? முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள். தலையைத் திருப்பிய அந்த அரை விநாடியில் பழைய காற்றை வெளியே விட்டு, புதுக் காற்றை உள்ளே இழுக்கவும் பார்க்கிறீர்கள். நேரம் பற்றாது. வெளியேறாத கரியமில வாயு ரத்தத்தில் சேர்கிறது, மூளை உடனே பதறுகிறது. பதறியதும் தலை மேலே தூக்குகிறது, தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே அமிழ்கின்றன, அதை இழுத்துக்கொண்டு போக இன்னும் பலம் செலவாகிறது. ஆக, மூச்சை இழுப்பதை விட்டுவிட்டு, விடுவதைக் கவனியுங்கள்.

முதல் இரண்டு வாரம் தூரமே வேண்டாம். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மெதுவாகக் குமிழி விடுங்கள். காற்று தீர்ந்த பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பினால், மூச்சு தானாக உள்ளே வரும். ஒரு காது தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்; நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். இதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது முறை, பிறகு காலடித்தபடி, பிறகு கை போட்டு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் பழக்கிய பெரியவர்களில் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லாரும் ஐந்தாவது வாரத்தில் திரும்பவும் இங்கேதான் வந்து நின்றார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் நீச்சல். 25 மீட்டர், அரை நிமிட ஓய்வு, இப்படிப் பதினாறு முறை. அது சுலபமானதும் 50 மீட்டரில் பத்து. அடுத்து 100 மீட்டரில் ஆறு. பத்தாவது வார முடிவில் நிற்காமல் 400 மீட்டர் வந்துவிட வேண்டும், வேகம் எதுவானாலும் சரி. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் செய்யலாமா என்று பலர் தயங்குவார்கள். தாராளமாகச் செய்யலாம், அதற்கு விதியில் தடை இல்லை. களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், மிதவையையோ காவலரின் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாமல் இருந்தால் சரி. உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்துங்கள்.

குளத்தில் 400 மீட்டர் வந்த பிறகே கடல். தனியாக ஒரு நாளும் வேண்டாம். உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் நேரத்தில், அவர்கள் நட்டிருக்கும் கொடிகளுக்கு நடுவில், ஒரு குழுவோடு இறங்குங்கள். டர்பனில் காலை நேரம்தான் நல்லது. பகல் ஏற ஏற வடகிழக்குக் காற்று வந்து கடலைக் குலைத்துவிடும். கரைநோக்கி காற்றடிக்கும் நாட்களில் ஜெல்லி மீன் போலக் கொட்டும் புளூபாட்டில் என்னும் கடல் உயிரிகள் வரும். பட்டுவிட்டால் ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் கழுவி, பொறுக்கும் அளவு வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். கனமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் கடலைத் தொடவே வேண்டாம். 2022 வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகள் எத்தனை முறை மூடப்பட்டன என்பது உங்களுக்கே தெரியும். இறங்குவதற்கு முன் நகராட்சி அறிவிப்பைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கடல் சரியில்லை என்று ஆற்றிலோ பெயர் தெரியாத அணையிலோ நீந்தப் போகாதீர்கள். குவாசூலு-நேட்டாலின் தாழ்ந்த பகுதி நன்னீரில் பில்ஹார்சியா என்னும் புழுத்தொற்று நோய் உண்டு.

கடலில் பழக வேண்டியது ஒன்றே ஒன்று: ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை, முதலை பார்ப்பதுபோல் கண்ணை மட்டும் தூக்கி மிதவை எங்கே என்று பார்ப்பது. அலை உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள். ரப்பர் வெட்சூட் வாங்கச் செலவழிக்காதீர்கள். 750 மீட்டருக்குத் தண்ணீர் 22 டிகிரியைத் தொட்டாலே உலக டிரையத்லான் விதி அதை அனுமதிக்காது. நவம்பர் கடைசியில் டர்பன் கடல் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

சைக்கிளுக்கு உங்கள் மவுன்டன் பைக்கே போதும். கடையில் கொடுத்து பிரேக், செயின், கியர் பார்த்து, முள் டயரை மாற்றி வழவழப்பான டயர் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றத்தில் காலுக்கு நிறைய மிச்சம். குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழ்நிலையில் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் சீட்டின் உயரம். கனமான கியரை மிதித்துத் தொடையை எரிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்றாவது வரும்படி மிதியுங்கள். வார நாளில் ஜிம் சைக்கிளில் 40 நிமிடம், ஞாயிறு விடியலில் குழுவோடு 20 முதல் 30 கிலோமீட்டர். சாலையில் தனியாகப் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பஞ்சர் ஒட்டப் பழகுவதைவிட டியூப் மாற்றப் பழகுங்கள், வீட்டு வாசலில் நான்கு தடவை.

ஏழாவது வாரத்திலிருந்து ஞாயிறு சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள். முதல் முறை கால் உங்களுடையது மாதிரியே இருக்காது. ஒரு மணி நேரம் ஒரே வட்டத்தில் சுழன்ற தசை, வேறு அசைவுக்கு மாற அவகாசம் கேட்கிறது. நாலைந்து தடவை செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். போட்டியில் முதல் கிலோமீட்டரைப் பார்க்ரன் வேகத்தைவிட மெதுவாகவே ஓடுங்கள். உங்களுக்குத் தனியாக ஓட்டப் பயிற்சி தேவையில்லை. இதோடு வாரம் ஒரு நாள் நிதானமாக ஓடினால் போதும்.

புரட்டாசியால் பயிற்சி கெடாது. சைவத்தில் புரதம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு வேளையும் திட்டமிட வேண்டும். ஒரு கப் வெந்த பருப்பில் 18 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கூட தயிர், சுண்டல், பட்டாணி, சோயா என்று சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இரும்புச்சத்துதான் முதலில் குறையும். கீரை, பயறோடு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள். விரதச் சனிக்கிழமைகளில் பார்க்ரனை நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு கடலில் இறங்குவது கூடவே கூடாது. ஞாயிறு நீண்ட பயிற்சிக்கு முன்னால், சனி இரவு விரதம் முடிந்ததும் சோறும் பருப்பும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

போட்டி நாளில் ஹெல்மெட்தான் நிறையப் பேரைச் சிக்கவைக்கும். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் வார் பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே கழற்ற வேண்டும். அதனால் ஹெல்மெட்டை வார் விரித்தபடி கைப்பிடி மேல் கவிழ்த்து வையுங்கள். கீழே துண்டு, அதன் மேல் உள்ளே பவுடர் தூவிய ஷூ, எண் கோத்த இடுப்புப் பட்டை. ஏறும் கோட்டுக்கு அப்பால்தான் சைக்கிளில் ஏறலாம், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்க வேண்டும். முன்னால் போகும் சைக்கிளுக்குப் பின்னால் பத்து மீட்டர் இடைவெளி விடுங்கள். காதில் பாட்டு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நீச்சல் தொடங்கும்போது பின்வரிசையில் ஓரமாக நின்று, மற்றவர்களை விட்டுப் பத்து எண்ணிய பிறகு இறங்குங்கள். முதல் நூறு மீட்டர் வேண்டுமென்றே மெதுவாக, குமிழியை மட்டும் கவனித்து. பதறினால் மல்லாந்து மிதந்து மூச்சு சீரானதும் தொடருங்கள்.

பன்னிரண்டாவது வாரத்தில் குளத்தில் நிற்காமல் 600 மீட்டர் வரவில்லையென்றாலோ, கடலில் இரண்டு தடவைகூட நிம்மதியாக நீந்தவில்லையென்றாலோ, நவம்பர் போட்டியை விட்டுவிடுங்கள். ஏற்பாட்டாளர்களிடம் இன்னும் சிறிய பிரிவு இருக்கிறதா, நேர வரம்பு என்ன என்று இப்போதே கேட்டு வைத்தால், அந்த நாளில் 400 மீட்டர் நீச்சல் உள்ள பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம்.