சான் பிரான்சிஸ்கோ: கடலோரமும் குன்றுகளும் – கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. கரையோரம், குன்றுப் பகுதி இரண்டையும் பார்க்கணும். எதை முதலில் வைத்துக்கொள்வது?

பதில்: காலையில் கரை, நண்பகலில் குன்று. கோடையில் மூடுபனி காலை நேரத்தில் தாழ்ந்து கிடக்கும். பெரும்பாலும் பன்னிரண்டு மணிவாக்கில் விலகி, மாலையில் மறுபடி வந்து மூடும். உள்நாட்டுச் சமவெளி சூடேறும்போது பசிபிக்கின் குளிர்காற்று கோல்டன் கேட் இடைவெளி வழியாக உள்ளே இழுபட்டு வருவதுதான் காரணம். பனி மூடியிருக்கும்போது உச்சிக்குப் போனால் வெறும் வெள்ளைதான் தெரியும். கரையில் நடக்க அது தடையே இல்லை.

ஃபெர்ரி கட்டடத்தில் தொடங்குங்கள். அதற்கு வடக்கே உள்ள படகுத்துறைகளுக்கு ஒற்றைப்படை எண், தெற்கே உள்ளவற்றுக்கு இரட்டைப்படை. இது தெரிந்தால் வரைபடமே வேண்டாம். பியர் 39 (39-ஆம் படகுத்துறை) வரை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், முழுக்கச் சமதளம். கால் ஓய்ந்தால் அதே சாலையில் எஃப் தட டிராம் ஓடுகிறது. இந்தக் கரை நெடுங்காலம் ஓர் இரண்டடுக்கு நெடுஞ்சாலைப் பாலத்தின் பின்னால் மறைந்து கிடந்தது. 1989 நிலநடுக்கத்தில் பாலம் சேதமாக, 1991-ல் இடிக்கத் தொடங்கினார்கள். நகரம் எடுத்த மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று என்பேன்.

குன்றுகளுக்கு ஒரே விதி: ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால்.

கேள்வி: அண்ணா, கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரம் நிற்கிறதாமே? தப்பிக்க வழி உண்டா?

பதில்: தெருவுக்கு அடியில் ஓடும் வடம் இழுத்துச் செல்லும் இந்தத் தண்டவாள வண்டிக்கு மூன்று தடங்கள் உண்டு. பவல்-ஹைட், பவல்-மேசன் வண்டிகளுக்கு ஓட்டும் முனை ஒரு பக்கம்தான். அதனால் கடைசி நிறுத்தத்தில் சுழல்மேடையில் வைத்துத் திருப்ப வேண்டும். கூட்டம் சேர்வது அங்கேதான். நடு நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், நிரம்பிய வண்டி நிற்காமல் போய்விடுவதும் உண்டு. காலை ஒன்பதுக்கு முன்பே சுழல்மேடைக்குப் போய்விடுவது நல்லது.

வண்டியில் ஏறிப் பார்ப்பதுதான் ஆசை என்றால் மூன்றாவதான கலிபோர்னியா தெருத் தடத்தைப் பிடியுங்கள். இரு பக்கமும் ஓட்டக்கூடிய வண்டி, சுழல்மேடை கிடையாது, கூட்டமும் குறைவு. ஆனால் வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்ட் தெருவுக்குப் பவல்-ஹைட் மட்டுமே போகும். பவல் தெருவிலிருந்து கிளம்பும்போது வலப்பக்கம் இடம் பிடித்தால் ஹைட் தெரு இறக்கத்தில் விரிகுடா கண்முன் விரியும். ஓரப்படியில் நிற்பவர்கள் முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்வண்டி மிக அருகில் கடக்கும்.

ஒரு பயணத்துக்கான கட்டணம் பேருந்துக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு மூன்று தடவை ஏறுவதாக இருந்தால், கேபிள் காரும் சேர்ந்த ஒருநாள் பாஸ் லாபம்.

நேரம் கிடைத்தால் மேசன், வாஷிங்டன் தெருக்கள் சந்திக்கும் இடத்திலுள்ள கேபிள் கார் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். அனுமதி இலவசம். வடங்களை இழுக்கும் ராட்சதச் சக்கரங்கள் உங்கள் கண்ணெதிரே சுழலும். தெருவுக்கு அடியில் வடம் எந்நேரமும் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர் இடுக்கியால் அதைக் கவ்வினால் வண்டி நகரும், விட்டால் நிற்கும் நிலைக்கு வரும். வண்டியில் மோட்டாரே கிடையாது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. காய்ட் கோபுரம் அவர்களுக்குச் சரிப்படுமா?

பதில்: தாராளமாக. 39-ஆம் எண் பேருந்து, கோபுரம் நிற்கும் டெலிகிராஃப் குன்றின் உச்சியிலேயே விடும். கோபுரத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து இறங்கியபின் பார்வைத் தளத்துக்குச் சில படிகள் ஏறியாக வேண்டும். அது முடியாது என்றால் டிக்கெட் எடுக்காமல் தரைத்தளச் சுவரோவியங்களைப் பார்க்கட்டும். 1934-ல், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வரையப்பட்டவை. கலிபோர்னியாவின் வயல், ஆலை, தெரு வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு. என்னைக் கேட்டால் மேலிருந்து தெரியும் காட்சிக்கு அவை சளைத்தவை அல்ல.

கால் நன்றாக இருப்பவர்கள் ஃபில்பர்ட் படிக்கட்டு வழியாகக் கிழக்கே இறங்கலாம். நூற்றுக்கணக்கான படிகள், இருபுறமும் தோட்டங்கள், நடுவே மரப்பலகை பாவிய நேப்பியர் சந்து. சிவப்புத் தலைக் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே பறக்கும். சுற்றிலும் மக்கள் குடியிருக்கும் வீடுகள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். இறங்கி முடித்தால் கரை பக்கத்திலேயே. அம்மாவை அதே பேருந்தில் திருப்பி அனுப்பிவிடுங்கள், இந்த இறக்கம் முழங்காலுக்கு ஆகாது.

கேள்வி: ஜூலையில் வருகிறோம். ஸ்வெட்டர் வேண்டுமா?

பதில்: கட்டாயம், காற்றைத் தடுக்கும் மேலுடையும் கூட. கதகதப்பு வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரில் வாருங்கள். ஜூன், ஜூலையில் பியர் 39-இன் கடல்சிங்கங்களும் பெரும்பாலும் இனப்பெருக்கத்துக்காகத் தெற்கே போய்விடும்.

கேள்வி: அல்கட்ராஸ் தீவுக்கு எங்கே டிக்கெட்?

பதில்: தீவில் இறக்கிவிடும் படகு பியர் 33-லிருந்துதான் கிளம்பும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வேறு துறைகளில் விற்பது தீவைச் சுற்றிக்காட்டும் பயணம் மட்டுமே.

கேள்வி: சார், வாடகைக் கார் எடுக்கலாமா?

பதில்: இந்த இரண்டு பகுதிகளுக்கும் வேண்டாம். எடுத்தே தீர வேண்டும் என்றால், சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரத்தைத் திருப்பி வைப்பது இங்கே சட்டம், தவறினால் அபராதம். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் சக்கரம் நடைபாதைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் சாலைப் பக்கம் திருப்பி, வண்டியை மெல்லப் பின்னால் விட்டு, டயர் நடைபாதை விளிம்பைத் தொட்டபின் கைபிரேக் போடுங்கள். பிரேக் நழுவினாலும் விளிம்பு தாங்கிக்கொள்ளும். கண்ணாடி வழியாகத் தெரியும்படி ஒரு சார்ஜர் வயரைக்கூட விட்டுப் போகாதீர்கள். பையை டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்; நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால், உள்ளே இருப்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி.