சம்பங்கி மணக்கும் கறுப்பு பாட்டில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இனிப்பான பூ வாசனை சென்ட்களைப் பற்றி எழுதும்போது, அந்த வகையில் எனக்கு எப்போதும் முதலிடம் ஃப்ராகாவுக்குத்தான் என்று நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே இருப்பதால் இந்த முறை வேறு எதற்கும் போகவில்லை.

கோவை வாசகி: என் நாத்தனார் வெளிநாட்டிலிருந்து ஃப்ராகா வாங்கி வந்து கொடுத்தார். இனிப்பான பூ வாசனை என்று நீங்கள் எழுதியதை நம்பி ஆசையாக அடித்துப் பார்த்தால், முதலில் மூட்டுவலித் தைலம் மாதிரி ஒரு நெடி. கொஞ்ச நேரத்தில் அது போய்விடுகிறது. டூப்ளிகேட்டாக இருக்குமோ?

அந்த நெடியை வைத்து டூப்ளிகேட் என்று முடிவு கட்டாதீர்கள். அது சம்பங்கியின் குணம். ஃப்ராகாவின் உயிரே சம்பங்கிதான், அந்தப் பூவில் இயற்கையாகவே மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. நாம் முழங்காலில் தேய்க்கும் தைலங்கள் பலவற்றில் மூக்கைத் துளைப்பதும் அதே பொருள்தான். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் கால் கிலோ உதிரிச் சம்பங்கி வாங்கி, பையைப் பிரித்த உடனே முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். முதலில் குளிர்ச்சியாக, லேசான காரத்தோடு ஒன்று மூக்கின் உச்சி வரை ஏறும். அது அடங்கியதும் வெண்ணெய் உருகுகிற மாதிரி கொழகொழப்பான இனிப்பு வரும். உங்கள் பாட்டில் செய்வதும் இதைத்தான்.

ஃப்ராகாவை உருவாக்கியவர் ஜெர்மெய்ன் செலியே. சென்ட் தயாரிப்பில் ஆண்களே கோலோச்சிய காலத்தில், பாரிஸில் தனக்கென்று ஒரு பாணியோடு நின்ற பெண். 1948-ல் ரொபேர் பிகே என்ற ஆடை வடிவமைப்பாளருக்காக ஃப்ராகாவைச் செய்தார் (பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிறிஸ்தியன் தியோர் ஒரு காலத்தில் இந்த பிகேயிடம் வேலை பார்த்தவர்). அதே பிகேவுக்கு 1944-ல் தோல் வாசமும் கசப்புமாக பாந்தி என்ற சென்ட்டையும், 1947-ல் பால்மேன் நிறுவனத்துக்குப் பச்சை இலையைக் கசக்கிய வாசத்தோடு வான் வேர் என்ற சென்ட்டையும் அவர் செய்திருந்தார். கசப்பையும் பச்சை வாடையையும் நன்றாகத் தெரிந்த கை, அப்புறம்தான் இனிப்புக்கு வந்தது. ஃப்ராகா திகட்டாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

இனி அடித்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் சில நிமிடங்களில் பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழம், மாண்டரின் ஆரஞ்சு இவற்றின் தோல் வாசம், கூடவே கொஞ்சம் பச்சை. இது சீக்கிரம் பறந்துவிடும், இதை வைத்து சென்ட்டை எடை போடாதீர்கள். அடுத்து நடுப்பகுதி, அதாவது சம்பங்கி, மல்லிகை, ஆரஞ்சுப் பூ, கார்டீனியா என்ற வெள்ளைப் பூ எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் இடம். பல மணி நேரம் உங்களோடு இருக்கப்போவது இதுதான். இந்த இனிப்பில் சர்க்கரை வாடை துளியும் இல்லை. வெள்ளைப் பூக்களில் இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சையின் வாசத்தைக் கொடுக்கிறது. லாக்டோன் என்ற வகைப் பொருட்கள் பீச் பழம், தேங்காய்ப்பால், பாலாடை இவற்றின் சாயலைக் கொண்டுவருகின்றன. நீங்கள் இனிப்பு என்று உணர்வது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான்.

அதோடு விட்டிருந்தால் அரை மணியில் தலை சுற்றியிருக்கும். மல்லிகையில் இண்டோல் என்று ஒன்று உண்டு. தனியாகச் செறிவாக மோந்தால் பீரோவில் போடும் பாச்சை உருண்டை ஞாபகம் வரும், இன்னும் அதிகமானால் மோந்து பார்க்கவே முடியாது. ஆனால் துளியளவு கலந்தால்தான் பூ பூவாக இருக்கும், அது இல்லாத மல்லிகை வாசம் சோப்பு வாசமாக முடிந்துவிடும். தைல நெடி, பச்சை வாடை, இண்டோல் மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பாலாடை இனிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. கடைசியில் சந்தனம், மஸ்க் (கஸ்தூரி மாதிரியான வாசம்), ஓக் மரத்துப் பாசி. மறுநாள் காலை ரவிக்கையில் மிச்சமிருப்பது இவைதான், அதில் இனிப்பு மிகக் கொஞ்சம், மீதி மரமும் தோலின் வெதுவெதுப்பும்.

இப்போது கடைகளில் பூ வாசனை என்று விற்கும் பலவற்றில் எத்தில் மால்ட்டாலைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பஞ்சுமிட்டாய் வாசம் அதனுடையது. 1992-ல் வந்த ஏஞ்சல் என்ற சென்ட் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தி வெற்றி பெற்ற பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அந்த இனிப்பையும் ஃப்ராகாவின் இனிப்பையும் ஒரே பெயரில் அழைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திண்டுக்கல் வாசகர்: எங்களுக்கு நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கித் தோட்டம் இருக்கிறது. விலை விழுந்தால் சென்ட் ஃபேக்டரிக்குத்தான் போடுவோம். நீங்கள் சொல்லும் பூவும் இதுவும் ஒன்றா? எங்கள் பூவும் அந்த மாதிரி பாட்டிலுக்குப் போகுமா?

அதே செடிதான். மெக்சிகோவில் பிறந்து உலகம் சுற்றியது. மரத்தில் பூக்கும் செண்பகம் வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பூ ஃபேக்டரிக்குப் போனதும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைப்பார்கள். கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மெழுகு மாதிரி ஒரு பொருள் மிஞ்சும், அதைக் காங்க்ரீட் என்கிறார்கள். தோராயமாக ஆயிரம் கிலோ சம்பங்கிக்கு ஒரு கிலோ காங்க்ரீட், அவ்வளவுதான். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சல்யூட். அளவு இன்னும் குறையும், விலை பல மடங்கு ஏறும். சம்பங்கி அப்சல்யூட்டில் உலகச் சந்தைக்கு இந்தியா முக்கியமான இடம். நிலக்கோட்டை, சத்தியமங்கலம், கோவை வட்டாரத்து மல்லிகையும் ஜாதிமல்லியும்கூட இப்படித்தான் வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்குப் போகின்றன. எந்தத் தோட்டத்துப் பூ எந்த பாட்டிலில் என்று யாராலும் கைகாட்ட முடியாது, பல ஊர்ச் சரக்கு கலந்துதான் போகும். ஆனால் உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. சென்ட் விளம்பரங்களில் பிரான்சின் கிராஸ் நகரத்துப் பூந்தோட்டத்தைக் காட்டும் அளவுக்கு நம் ஊர்த் தோட்டங்களைக் காட்டுவதில்லை. விடியுமுன் எழுந்து பூ எடுக்கிறவர்களின் பெயரும் அதில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கிராஸில் முன்பு இதற்கு வேறு முறை இருந்தது. கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூவைப் பரப்பிவிடுவார்கள். சம்பங்கியும் மல்லிகையும் பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும் பூக்கள், ரோஜா அப்படி இல்லை. அதனால் இந்த இரண்டுக்குத்தான் அந்த முறை பொருந்தியது. கூலி கட்டுப்படியாகாமல் அது கிட்டத்தட்ட நின்றே போய்விட்டது.

தஞ்சாவூர் வாசகி: கார்டீனியா, லில்லி ஆஃப் த வேலி என்றெல்லாம் பட்டியல் போடுகிறார்களே, அத்தனை பூவும் உள்ளே இருக்கிறதா?

இல்லை. லில்லி ஆஃப் த வேலி என்ற சின்ன வெள்ளைப் பூவிலிருந்து விற்கிற அளவுக்கு எண்ணெய் எடுக்க வழியில்லை. கார்டீனியாவிலும் பெரும்பாலும் அதே கதைதான். தியோரின் தியோரிசிமோ என்ற சென்ட் 1956-ல் வந்தது, எத்மோன் ருத்னிட்ஸ்கா செய்தது. லில்லி ஆஃப் த வேலி என்றாலே எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அதில்கூட அந்தப் பூவை வேறு பொருட்களைக் கொண்டுதான் கட்டியெழுப்பினார். பட்டியல் என்பது உங்கள் மூக்குக்கு என்ன தோன்ற வேண்டும் என்று சொல்வது, உள்ளே போட்ட பொருட்களின் கணக்கு கிடையாது. இதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள், பிடிபடாத பூவை மூக்குக்குக் கொண்டுவருவதுதான் அந்தக் கலையே.

சென்னை வாசகி: ஷனெல் நம்பர் 5, ஜாய், ஃப்ராகா மூன்றில் எது அதிக இனிப்பு?

ஃப்ராகா. சந்தேகமே இல்லை. 1921-ல் வந்த நம்பர் 5-ல் ஆல்டிஹைடுகள் என்ற வாசனைப் பொருட்கள் முன்னால் நிற்கும், பூவின்மேல் சோப்பு நுரையும் சலவைத் துணியின் பளிச்சென்ற வாசமும் போர்த்தியிருக்கும். 1930-ல் வந்த ஜான் பாத்துவின் ஜாய் மல்லிகையும் ரோஜாவும். ஒரு அவுன்ஸுக்கு 10,600 மல்லிகைப் பூ, 28 டஜன் ரோஜா என்று சொல்லியே விற்றார்கள். அதன் இனிப்பில் தேன் இருக்கும், பாலாடை இருக்காது.

மதுரை வாசகி: அம்மாவிடம் பழைய ஃப்ராகா கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புதிதாக வாங்கியதும் அதுவும் ஒன்றாக இல்லையே?

ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. பிகேயின் நிறுவனம் 1951-லேயே மூடப்பட்டது, இரண்டு வருடத்தில் அவரும் காலமானார். அப்புறம் சென்ட் கைமாறி, நடுவில் தரம் இறங்கி, 1990-களில் புதிய கைகளில் மறுபடி ஒழுங்காக வந்தது. இதற்கிடையே விதிகளும் மாறின. ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருட்கள் ஒவ்வாமை தருவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அவற்றைத் தடை செய்தது. லில்லி ஆஃப் த வேலி வாசத்துக்குப் பலரும் நம்பியிருந்த ‘லிலியால்’ என்ற செயற்கைப் பொருளும் 2022-ல் அங்கே தடையானது. பழைய மஸ்க் வகைகள் சிலவும் எப்போதோ போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் மாற்று போடும்போது வாசம் கொஞ்சம் கொஞ்சமாக நகரத்தான் செய்யும்.

இன்னொரு பக்கம், அம்மாவின் பாட்டிலும் மாறியிருக்கும். எலுமிச்சை வகை வாசங்கள் வருடக்கணக்கில் தாங்காது. திரவம் பழுப்பாகியிருந்தால் பெரும்பாலும் கெட்டதாக அர்த்தமில்லை, இண்டோலும் ஆந்த்ரனிலேட்டும் ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து தானாகவே நிறம் ஏறும். ஒன்று மட்டும் கவனம்: பழைய சென்ட்களில் சுத்திகரிக்காத பெர்கமோட் இருக்கலாம், அது பட்ட தோலில் வெயில் அடித்தால் கருத்துப்போகும். கழுத்தில் போட்டுக்கொண்டு பகலில் வெளியே போகாதீர்கள். ராத்திரி போடலாம்.

விருதுநகர் வாசகி: நம் ஊர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போக முடியுமா? பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி வருமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. சூட்டில் எல்லாம் சேர்ந்து வேகமாகக் கிளம்பும், அதிலும் சம்பங்கி மூடிய அறையில் அடங்காது, பஸ்ஸில் இன்னும் மோசம். ஆபீஸுக்கு ஒரே ஒரு தடவை, வயிற்றில் அல்லது முழங்கால் பின்பக்கம், உடுத்துவதற்கு முன்பே அடித்துவிடுங்கள். காதுக்குப் பின்னால் வேண்டாம், அது மற்றவர்கள் மூக்குக்கு மிகப் பக்கம். பட்டுச் சேலைமேலும் வெள்ளைத் துணிமேலும் நேராக அடித்தால் மஞ்சள் கறை விழும். அப்படியும் பக்கத்தில் இருப்பவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டால் ஆபீஸுக்கு வேறு சென்ட், கல்யாணத்துக்கு ஃப்ராகா என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறர் தலைவலிக்கு முன்னால் நம் ரசனை பெரிதில்லை.

சேலம் வாசகி: கடையில் எப்படி மோந்து பார்த்து வாங்குவது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே.

ஒரே நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று, அதற்குமேல் மூக்கு வேலை செய்யாது. காபிக்கொட்டையை நீட்டுவார்கள், அது தேவையில்லை, உங்கள் சொந்த முழங்கையை மோந்தாலே போதும். முதலில் காகிதப் பட்டையில் பாருங்கள். அதில் பிடித்ததை மட்டும் மணிக்கட்டில் அடித்து, தேய்க்காமல், பணம் கொடுக்காமல் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். விற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், ஏனென்றால் முதல் பத்து நிமிட வாசம்தான் வாங்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டு, வேலை பார்த்து, சாயங்காலம் மணிக்கட்டை மோந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மறுநாள் போய் இருப்பதிலேயே சின்ன பாட்டிலாகக் கேளுங்கள். ஃப்ராகா விஷயத்தில் 30 மில்லி வருடக்கணக்கில் வரும்.