தேயிலை வரிக்காகவா பிரிந்தார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் குடியேறியவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலேயர்கள்தானே, அப்புறம் ஏன் தங்கள் மன்னரையே எதிர்த்தார்கள்? தேயிலை வரிதான் காரணமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வரியின் அளவு காரணமே இல்லை. 1773 தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையின் விலை அங்கே குறையத்தான் செய்தது, இருந்தும் பாஸ்டனில் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். வர்ஜீனியாவில் 1619-லிருந்தே சொந்தச் சட்டசபை உண்டு. அப்படிப் பழகிய மக்களிடம், அவர்களுடைய பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றம் பிரான்சுடன் நடத்திய போரின் கடனைச் சமாளிக்க 1765-ல் பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வரி போட்டால் எப்படிப் பொறுப்பார்கள்? நியாயமான கோபம் அது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறத் தடை போட்டதும் எரிச்சலைக் கூட்டியது, ஆனால் அந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்பதால் இந்தக் கோபத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சரி, பிரிவு வரை போனது எப்படி? தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக லண்டன் ஆட்சியாளர்கள் 1774-ல் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, அந்த ஊர் இருக்கும் மாசசூசெட்ஸின் சுயாட்சியையும் பறித்தார்கள். அடுத்த ஆண்டு சண்டை வெடித்தது. அதற்குப் பிறகும்கூடக் குடியேறியவர்கள் சமாதானம் கேட்டு மன்னருக்கு மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை ஏற்காமல் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார், 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் வந்துவிட்டது.